ஊரைப் பற்றி ஊரார் முன் பேசுவது: உள்ளூர் எழுத்தாளர் உரைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாறு, சுற்றுப்புறத்து இயற்கை, குடும்ப நினைவு ஆகியவற்றைப் பற்றி எழுதியவர் அந்த ஊர்க்காரர்கள் முன்னால் பேசும் நிகழ்ச்சிகளுக்கான கேள்வி பதில்கள் இவை. பேசப்போகும் எழுத்தாளருக்கும், நூலகத்திலோ பள்ளியிலோ சங்கத்திலோ அதை ஏற்பாடு செய்பவருக்கும் உரியவை.

மற்ற இலக்கியக் கூட்டங்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கேட்க வந்திருப்பவர்களுக்கு விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது அதன் உலகத்தை முழுதாக அறிந்தவர் அதை எழுதியவர்தான். மூடிப்போன ஆலையைப் பற்றிப் பேசும்போதோ, அந்த ஆலையில் முப்பது வருடம் உழைத்தவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். வெள்ளம் வந்த ஆண்டை மாற்றிச் சொன்னால் அந்த வெள்ளத்தில் வீடிழந்தவர் எழுந்து திருத்துவார். எனவே அவையில் இருப்பவர்களைச் சாட்சிகளாக நினைத்துத் தயாராக வேண்டும். சொல்லும் ஒவ்வொரு செய்தியோடும் அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொள்ள நேரமும் தாளும் வைத்திருங்கள். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து பிறந்தவை.

எவ்வளவு நேரம் பேசலாம்?

மொத்தம் 90 நிமிடம் என்றால் அறிமுகத்துக்கு 5, உரைக்கு 40, கேள்விகளுக்கு 30, முடிந்தபின் நேரில் பேச 15 என்று பிரிப்பது நன்றாக வரும். வேறு வகைக் கூட்டங்களில் கேள்வி நேரம் 15 நிமிடம் போதும். இங்கே அதைச் சுருக்கினால் நிகழ்ச்சியின் விளைச்சலில் பாதி போய்விடும்.

40 நிமிட உரைக்கு 34, 35 நிமிடம் வரும்படி தயாரியுங்கள். சிரிப்பு, இருமல், அடுத்த படம் வரத் தாமதம், இடையில் ஒருவர் "ஆமாம், அது எங்கள் வீடுதான்" என்று சொல்வது எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிடும். மனசுக்குள் வாசித்து நேரம் கணக்கிடாதீர்கள். நின்றபடி, வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். இரண்டு முறை போதும். நேரம் போதாமல் போனால் எதை விடுவது என்பதை முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது, அதுவும் நடுப்பகுதியிலிருந்து. முன்யோசனை இல்லாதவர்கள் கடைசியில்தான் வெட்டுவார்கள். உரையின் மிகச் சிறந்த சான்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டுமா?

வாசிக்கலாம். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், மொத்தம் இரண்டு தடவை. விளக்கப் பகுதிகள் காதுக்கு ஏறாது. ஒருவர் பேசுவது, ஒரு இடத்தின் வர்ணனை, ஒரு கடிதம் போன்றவை ஏறும். வாசிக்கும் பக்கத்தைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் அச்சிட்டுக்கொண்டால், மூக்குக் கண்ணாடியைத் தேடி, பக்கத்தைப் புரட்டி அவையின் கவனத்தை இழக்க வேண்டியதில்லை.

"நம் ஊரின் வரலாறு" என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம். அந்தத் தலைப்பில் 40 நிமிடத்தில் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தெருவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று குறைப்படுவார்கள். ஒரு பாலம், ஒரு பஞ்ச ஆண்டு, ஒரு குளத்தின் நூறு வருடம், ஒரு குடும்பத்தின் இடப்பெயர்ச்சி என்று கையில் அடங்குகிற ஒன்றை எடுங்கள். அதற்குள் நான்கைந்து செய்திகளுக்கு மேல் வைக்காதீர்கள். அறிவிப்பில் ஆண்டும் இடமும் இருந்தால் சரியான ஆட்கள் வருவார்கள். "பழைய இரும்புப் பாலம் உடைந்த நாள்" என்று போட்டால் அன்று அங்கே நின்றவரின் மகள் வருவார். "காலத்தின் சுவடுகள்" என்று போட்டால் அவருக்குத் தன்னோடு தொடர்புள்ள கூட்டம் என்றே தெரியாது.

"எங்கள் தாத்தா சொன்னார்" என்பதை ஆதாரமாகச் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது எந்தச் செய்திக்கு ஆதாரம் என்பதில் தெளிவு வேண்டும்.

இத்தாலியின் டெர்னி நகரத்தில் 1949 மார்ச் மாதம், நேட்டோவில் அந்த நாடு சேர்வதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் உருக்காலைத் தொழிலாளி போலீசால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் வாய்மொழி வரலாறு சேகரித்த அலெசாண்ட்ரோ போர்டெல்லி ஒன்றைக் கவனித்தார். பலர் அந்தச் சாவை 1953இல் வைத்துச் சொன்னார்கள். அந்த ஆண்டில்தான் ஆலை பெருந்தொகையானவர்களை வேலையிலிருந்து நீக்கியது, தெருக்களில் மோதல் நடந்தது. ஒரு தோழனின் சாவுக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று ஊரின் மனசு தேடியிருக்கிறது. ஆண்டு தவறு. ஆனால் அந்தத் தொழிலாளர்களுக்கு எது ஆறாத காயமாக இருந்தது என்பதை அந்தத் தவறைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டாது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: நாள், எண்ணிக்கை, யார் முதலில் வந்தார் போன்றவற்றுக்கு வாய்மொழியை மட்டும் நம்பாதீர்கள். பதிவேடு, செய்தித்தாள், கல்லறை எழுத்து, பள்ளிச் சேர்க்கை ஏடு என்று இன்னொன்றோடு ஒட்டிப் பாருங்கள். வேலை எப்படி நடந்தது, எதற்குப் பயந்தார்கள், யார் யாரோடு பேசமாட்டார்கள், அந்தத் தெருவில் என்ன வாசனை வந்தது என்பவற்றுக்கு வாய்மொழியைப்போல வேறு ஆதாரமே கிடையாது.

பேசும்போது மூன்று சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துங்கள்: "பார்த்தேன்", "கேட்டேன்", "ஊகிக்கிறேன்". நீங்களே கண்ட ஆவணமும் காட்சியும் முதல் வகை. ஒருவர் சொன்னது இரண்டாம் வகை. அதிலும் அவர் கண்டு சொன்னாரா, அவர் தாய் சொல்லக் கேட்டுச் சொன்னாரா என்பதைச் சேருங்கள். துண்டுகளை இணைக்க நீங்கள் போட்ட பாலம் மூன்றாம் வகை. இப்படிப் பிரித்துச் சொன்னால் பேச்சு பலவீனமாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அவையில் நடப்பதோ நேர்மாறு: எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தவுடன், அதை நிரப்பக்கூடியவர் கை தூக்குவார்.

வாய்மொழி எத்தனை தலைமுறை தாங்கும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஆப்பிரிக்க வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த யான் வான்சினா ஒரு பொதுப்போக்கைக் காட்டினார். அண்மைக் காலத்தைப் பற்றிச் செய்தி நிறைய இருக்கும். ஊர் தோன்றிய கதையும் விரிவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. தலைமுறை நகர நகர அந்தப் பள்ளமும் கூடவே நகரும். முப்பாட்டனாரின் அப்பா நேரே "முதலில் வந்து குடியேறியவர்" ஆகிவிடுகிற குடும்பக் கதைகளில் இந்தப் பள்ளத்தைக் காணலாம். நடுவில் மூன்று நான்கு தலைமுறை காணாமல் போயிருக்கும்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்டால் நல்ல செய்தி கிடைக்கும்?

கேள்வியின் சொல்லே பதிலை வளைத்துவிடும். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனையில், கார் விபத்துப் படம் பார்த்தவர்களில் ஒரு குழுவிடம் கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு முதல் குழுவின் 50 பேரில் 16 பேரும், இரண்டாம் குழுவின் 50 பேரில் 7 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லவே இல்லை. "அந்தக் கொடுமையான வெள்ளத்தில் எப்படித் தப்பினீர்கள்?" என்று தொடங்குபவர் கொடுமையைத் தானே ஊட்டிவிடுகிறார். "தண்ணீர் வந்த அன்று எங்கே இருந்தீர்கள்?" போதும்.

"அது எந்த ஆண்டு?" என்று கேட்டால் ஒரு எண் வரும், அதை நம்ப முடியாது. அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, எந்தப் பிள்ளை பிறந்திருந்தது, மின்விளக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று முளைகள் கிடைத்தால் ஆண்டை நீங்களே கட்டிவிடலாம். தாளும் பென்சிலும் கொடுத்துப் பழைய வீட்டின் அமைப்பை வரையச் சொல்வதைப்போல நினைவைத் திறக்கும் சாவி வேறில்லை. அறை அறையாகப் போகும்போது அங்கே இருந்தவர்களும் வந்துவிடுவார்கள். பொதுவாக 10 முதல் 30 வயது வரையிலான காலம்தான் முதியவர்களுக்கு அதிகம் நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அந்த வயதை ஒட்டித் தொடங்குங்கள்.

ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல், மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். சிறந்த செய்தி அந்த மௌனத்துக்குப் பின்தான் வரும். ரெக்கார்டரை மேசைமேல் துணி மடித்து அதன்மேல் வையுங்கள், அவர் வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தெருப்பக்கச் சன்னல் மூன்றும் பதிவைக் கெடுக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல் என்று பதிந்தால் ஒற்றைத் தடத்துக்கு மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். அதை மூன்று படிகளாக, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில் இருக்கும்படி வைக்க வேண்டும். தொடக்கத்தில் பெயர், நாள், இடம், இந்தப் பதிவை எதற்குப் பயன்படுத்த ஒப்புகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள்.

பழைய ஆவணத்தில் தேதியும் வயதும் இருக்கிறது. அப்படியே சொல்லிவிடலாமா?

எந்த நாட்காட்டியில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி, பழைய ஜூலியன் நாட்காட்டிக்குப் பதிலாக 1582இல் வந்தது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் மாறின. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதற்குமுன் இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25. எனவே பழைய ஆங்கிலப் பதிவேட்டில் 1710 பிப்ரவரி என்று இருந்தால் இன்றைய கணக்குக்கு அது 1711. ரஷ்யா 1918இல் மாறியது. அப்பா ஒரு நாட்காட்டியிலும் மகன் இன்னொன்றிலும் பதியப்பட்டிருந்தால், மகன் தவறான மாதத்தில் பிறந்ததுபோலத் தோன்றும்.

வயது இன்னும் சிக்கல். பிறந்த நாளைப் பதியும் வழக்கம் பரவாத காலத்தின் மக்கள்தொகைக் கணக்கேடுகளில் 30, 35, 40, 50 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் அளவுக்கு மீறி இருக்கும். கணக்கெடுக்க வந்தவரிடம் தோராயமாகச் சொன்னது அது. அத்தகைய ஒரு வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டு கண்டுபிடித்தால், "சுமார்" என்ற சொல் இல்லாமல் அதை அவையில் சொல்லக் கூடாது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை தவறு என்று தெரிந்துவிட்டது. மேடையில் உடைக்கலாமா?

கதையை உடைக்காமல் பக்கத்தில் ஆவணத்தை வையுங்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பல குடும்பங்களில் "எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்ற கதை உண்டு. கப்பலில் வந்து குடியேறுபவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத் தீவு அது. அங்கிருந்த அதிகாரிகள் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதி வந்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னாளில், வேலைக்காகவோ அக்கம்பக்கத்துக்காகவோ மாற்றிக்கொண்டார்கள். இதை அவையில் "அந்தக் கதை பொய்" என்று சொன்னால் ஒரு பாட்டியின் முகம் வாடும், வேறு பயன் இல்லை. "கதை இப்படி. பட்டியலில் பெயர் இப்படி. மாறியது இந்த ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் நடுவில்" என்று சொன்னால், யார் மாற்றினார், ஏன் அதை வெளியில் சொல்லாமல் விட்டார் என்ற உண்மையான கேள்வி பிறக்கும். அந்தக் குடும்பத்தினர் கூட்டத்துக்கு வருவார்கள் என்றால் அவர்களிடம் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

இயற்கையைப் பற்றிய நினைவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்துமா?

பொருந்தும், அதோடு இன்னொன்றும் சேரும். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் ஒரு கருத்தைச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட நிலையையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் அதற்கு முன்பே நடந்த அழிவு யார் கணக்கிலும் வருவதில்லை. "என் சின்ன வயசில் ஏரி நிறையப் பறவை" என்பவருடைய தாத்தாவுக்கு அதுவே வெறிச்சோடிய ஏரியாக இருந்திருக்கலாம்.

இதைத் தாண்ட ஒரே வழி, நாளும் அளவும் உள்ள பழைய தடயத்தைத் தேடுவது. அது அறிவியல் ஏட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில், பிடித்த மீன்களைத் தொங்கவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் எடுத்துக்கொண்ட படங்களை லோரன் மெக்லனகன் அளந்தார். 1956இல் சராசரியாக 19.9 கிலோ இருந்த மீன் 2007இல் 2.3 கிலோ. படங்களில் இருப்பவர்களின் சிரிப்பு மட்டும் குறையவில்லை. அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர் 1850களில் பூக்கள் மலர்ந்த நாட்களைக் குறித்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஊரில் அதே செடிகளைப் பார்த்த உயிரியலாளர்கள், அவை சராசரியாக ஒரு வாரம் முன்னதாகப் பூப்பதைக் கண்டார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாட்களை நாட்குறிப்புகளிலிருந்து 9ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கித் தொகுத்திருக்கிறார்கள்.

ஆகவே அவையிடம் "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். குளக்கரையில் எடுத்த குடும்பப் படம், விதைத்த நாள் குறித்த கணக்கு நோட்டு, மழை அளவு எழுதிய நாட்காட்டி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அறிவிப்பிலேயே கேளுங்கள். படத்தில் மனிதர்களுக்குப் பின்னால் தெரியும் மரமும் நீர்மட்டமும்தான் உங்களுக்குச் சான்று.

செடி, பறவைகளை ஊர்ப்பெயரில் சொன்னால் போதாதா?

ஊர்ப்பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், அதுவே ஒரு வரலாற்றுச் செய்தி. ஆனால் ஒரே பெயர் பக்கத்து ஊரில் வேறு செடிக்கு இருக்கும், ஒரே செடிக்கு மூன்று பெயரும் இருக்கும். அறிவியல் பெயரை ஒருமுறை திரையில் காட்டினால் குழப்பம் தீரும். உண்ணத் தக்க காட்டுச் செடி, மருந்துச் செடி பற்றிப் பேசும்போது இதை விடவே கூடாது. தவறான செடியைப் பறித்துச் சாப்பிடுபவர் உங்கள் பேச்சை நம்பித்தான் சாப்பிடுவார்.

அரிய உயிரினம் இருக்கும் இடத்தைச் சொல்லலாமா?

கூடாது. சீனாவில் கண்டறியப்பட்டு 1999இல் அறிவியல் விவரிப்பு பெற்ற கோனியூரோசாரஸ் லூயி என்ற குகைப் பல்லியை, இடம் வெளியானதும் வணிகத்துக்காகப் பிடிப்பவர்கள் தேடிப் போனார்கள். முதலில் கண்டறியப்பட்ட இடத்தில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. தாங்கள் கண்ட உயிரினங்களை மக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் இடத்தை 0.2 டிகிரிக் கட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலத்துக்குள் மங்கலாக்கிக் காட்டுகிறது. நீங்களும் அந்த அளவுக்கு மேல் சொல்ல வேண்டாம். கூடு, ஆர்க்கிட், ஆமை முட்டையிடும் கரை ஆகியவற்றில் கூடுதல் கவனம். படத்தின் ஃபைலுக்குள் ஜிபிஎஸ் எண் ஒளிந்திருக்கும். யாருக்கும் அனுப்புமுன் நீக்குங்கள். பின்னணியில் தெரியும் மலைமுகடும் கோபுரமும்கூட இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய படங்களை எப்படி ஸ்கேன் செய்வது?

9க்கு 13 சென்டிமீட்டர் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், எடுத்தால் சுமார் 2100க்கு 3000 பிக்சல் கிடைக்கும். சாதாரண புரொஜக்டர் திரை 1920க்கு 1080தான். எனவே இந்த அளவில் ஒரு முகத்தைப் பெரிதாக்கிக் காட்டவும் இடம் இருக்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ. டிஃப் ஃபைலாகச் சேமித்து, மூலத்தைத் தொடாமல், நகலில் மட்டும் திருத்துங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

பசைத் தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடிய ஆல்பத்திலிருந்து படத்தை நகத்தால் பெயர்த்தால் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையிலிருந்து படத்துக்கு அடியில் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், மெல்லிய பென்சில் போதும். லாமினேஷன் செய்யவே கூடாது.

மங்கிய முகத்தைக் கூர்மையாக்கும், நிறம் ஏற்றும் மென்பொருள்கள் இல்லாத விவரத்தைத் தாமாகக் கற்பித்து நிரப்புகின்றன. அவை தரும் முகம் உங்கள் பாட்டியின் முகம் அல்ல. வரலாற்று உரையில் அதைக் காட்டாமல் இருப்பதே நேர்மை.

படமும் கடிதமும் என் வீட்டில் இருக்கின்றன. உரிமையும் என்னுடையதுதானே?

தாள் உங்களுடையது. படத்தின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கு, கடிதத்தினுடையது எழுதியவருக்கு, பின் அவர்களின் வாரிசுகளுக்கு. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு பெர்ன் ஒப்பந்தப்படி எழுத்துக்குக் குறைந்தபட்சம் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு. பல நாடுகளில் 70. படங்களுக்கு விதி நாட்டுக்கு நாடு மாறும். அரங்கத்தில் காட்டுவது ஒன்று, பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது வேறொன்று. அனுமதி கேட்கும்போது இரண்டுக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய குடும்ப ரகசியங்கள்?

தத்து, மனநோய், சிறை, முதல் திருமணம். இவை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. புத்தகத்தில் வந்துவிட்டது என்பதால் மேடையில் சொல்லலாம் என்று ஆகாது. புத்தகத்தைத் தனியே படிப்பவர் வேறு. அதே ஊர் அரங்கில், அக்கம்பக்கத்தார் நடுவில் உட்கார்ந்து கேட்பவரின் நிலை வேறு. சம்பந்தப்பட்டவரோ அவர் பிள்ளைகளோ உயிரோடு இருந்தால், சொல்லப்போகும் வாக்கியத்தை அப்படியே அவர்களிடம் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். பெயரை மட்டும் மாற்றுவதால் பயனில்லை, சின்ன ஊரில் "ரயிலடிக்கு எதிர்வீடு" என்றாலே ஆள் தெரிந்துவிடும். அவர்கள் மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்தச் செய்தி இல்லாமல் உரை நிற்காது என்றால் வேறு தலைப்பு எடுப்பது நல்லது.

ஸ்லைடுகள் எத்தனை?

40 நிமிடத்துக்கு 20 முதல் 25. ஒரு ஸ்லைடுக்கு ஒரே படம், அதன் ஆண்டு, இடம், யாரிடமிருந்து வந்தது. எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. வரைபடம் ஒன்று கட்டாயம் வேண்டும், பழையதும் புதியதும் ஒரே அளவில், வடக்கு மேலே இருக்கும்படி. கூட்டுப் படத்தைக் காட்டினால் குறைந்தது ஒரு நிமிடம் பேசாமல் விடுங்கள். அவையில் பெயர்கள் எழத் தொடங்கும். கடைசி வரிசை, திரையில் விழும் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் தள்ளி இருந்தால் பின்னாலிருப்பவருக்கு முகங்கள் தெரியாது. ஃபைலைப் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள், பிடிஎஃப் வடிவிலும் ஒன்று இருக்கட்டும். வேறு கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகிவிடும்.

சின்ன அரங்குதான், மைக் வேண்டுமா?

வேண்டும். "எனக்குக் குரல் போதும்" என்பவர் முதல் வரிசையைப் பார்த்துச் சொல்கிறார். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். இத்தகைய உரைக்கு வருபவர்களில் முதியவர்களே அதிகம், காது மந்தம் என்று கை தூக்கிச் சொல்லமாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார்கள்.

கையில் பிடிக்கும் மைக் வாயிலிருந்து நான்கு விரல்கட்டைத் தூரம். சட்டையில் மாட்டுவது கழுத்துக்குக் கீழே ஒரு சாண், சங்கிலியும் துப்பட்டாவும் உரசாத இடத்தில். ஸ்பீக்கர் பேச்சாளருக்கு முன்னால், அவையை நோக்கி. பின்னால் வைத்தால் கீச்சிடும். திரையைப் பார்த்துத் திரும்பிப் பேசும்போது குரல் மைக்கை விட்டு விலகும், படத்தைக் காட்டத் தடியோ லேசரோ வைத்துக்கொண்டு முகத்தை அவைப்பக்கமே வையுங்கள். அரை மணி முன்பே வந்து, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துச் சோதியுங்கள். ஆட்கள் நிறைந்ததும் உடைகளும் உடல்களும் ஒலியை உறிஞ்சும், எனவே வெற்று அரங்கில் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவரே பேசிக்கொண்டு போனால்? "நீங்கள் சொன்னது தவறு" என்றால்?

நீளமாகப் பேசுபவரிடம் பெரும்பாலும் ஒரு நல்ல செய்தி இருக்கும், அதைச் சொல்லும் வழிதான் தெரியாது. தொகுப்பாளர் பக்கத்தில் போய், "இதை எழுதிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் உங்களோடு உட்காருகிறோம்" என்று சொல்லி, உண்மையிலேயே உட்கார வேண்டும். மைக்கை அவர் கையில் கொடுக்காமல் உதவியாளரே பிடித்திருப்பது உதவும். மைக் எட்டாத கேள்வியைப் பேச்சாளர் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லட்டும், பதிவிலும் அது கிடைக்கும்.

தவறு என்று ஒருவர் எழுந்தால் வாதாடாதீர்கள், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?" என்று கேளுங்கள். கண்டாரா, கேட்டாரா, காகிதம் இருக்கிறதா? பிறகு உங்கள் சான்று என்னவென்று சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் குறித்துக்கொள்வதாக அவை முன்னால் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சீட்டும் பென்சிலும் இருக்கட்டும். சீட்டில் நான்கே வரி: பெயரும் தொடர்புகொள்ளும் வழியும், எதைப் பற்றிய செய்தி, எப்படித் தெரியும், படமோ காகிதமோ உண்டா. கூச்சப்பட்டு எழாதவர்கள் எழுதிவிட்டுப் போவார்கள். இந்தச் சீட்டுகள் பெரும்பாலும் பேசப்பட்ட கேள்விகளைவிட மதிப்பு மிக்கவை.

கூட்டம் குறைவாக வந்தால்?

எதிர்பார்ப்பதில் பாதி நாற்காலிகளை மட்டும் போட்டு மீதியைச் சுவரோரம் அடுக்குங்கள். பத்துப் பேர் என்றால் மேடையை விட்டு இறங்கி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து படங்களைக் கையில் கொடுத்துப் பேசலாம். குடும்ப நினைவு உரைக்கு இது மேடையைவிடப் பொருத்தமானது.

புத்தக விற்பனை?

விற்பவர் வேறொருவராக இருக்கட்டும். எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சில்லறை எண்ண முடியாது. யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதை வரிசையிலேயே துண்டுத்தாளில் எழுதி வாங்கிவிட்டால் எழுத்துப் பிழை வராது. மேசையை வாசலை அடைக்காமல் போடுங்கள்.

முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

அன்றிரவே சீட்டுகளைப் படித்து, யாரை எப்போது பார்ப்பது என்று குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் போகாவிட்டால் அவர்களுக்கும் ஆர்வம் ஆறிவிடும். வயது மிக அதிகமானவரிடம் முதலில் போங்கள். படம் வாங்கினால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாமல், ஸ்கேனரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே முடித்து அங்கேயே திருப்பிக் கொடுப்பது நல்லது. இரவல் வாங்கிய ஆல்பம் தொலைந்துபோனால் அந்தத் தெருவில் அடுத்த கதவு திறக்காது.

உரைப்பதிவு, ஸ்லைடுகள், வந்த திருத்தங்கள் மூன்றையும் ஒன்றாகக் கட்டி நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். திருத்தம் இல்லாத பதிவு மட்டும் நிலைத்தால், அவையில் திருத்தப்பட்ட தவறு இருபது வருடம் கழித்து ஆதாரமாக மேற்கோள் காட்டப்படும். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் எந்தப் பக்கத்தில் எது மாற வேண்டும், யார் சொல்லி மாறியது என்பதை ஒரே தாளில் எழுதி, உங்கள் கைப்பிரதிக்குள் செருகி வையுங்கள்.